சிவப்பு டிரம்

செருப்ப அங்கனயே விட்டுருங்க தம்பி. கால அந்தச் சாக்குல நல்லாத் தொடச்சுட்டு உள்ள வாங்க. கதவச் சாத்துங்க, சீக்கிரம். ரோட்டுத் தூசி பூரா உள்ள வந்துரும். இன்னும் கொஞ்சம் இழுங்க, அது பிடிக்கும். ஆங். திருநவேலியில இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? பைக்கா? அப்பச் சட்டையையும் வெளியிலயே ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். சரி, வந்தாச்சு, பரவால்ல.

விசயத்த மொதல்லயே சொல்லிருதேன். நாளைக்கு எம் பொண்டாட்டி வடிவுக்குப் பதினாறாம் நாள் விசேசம். மால போட்டு வைக்க ஒரு படம் வேணும். ஒரே ஒரு படம். இந்தா, காலையில அடிச்சது, பாருங்க. நெத்தியில ஆரம்பிச்சு மூக்கு வழியா நாடி வரைக்கும் ஒரு வெள்ளக் கோடு. எத்தன தாளு அடிச்சாலும் அதே எடத்துல அதே கோடு. இந்தக் கோட்ட மட்டும் எடுத்துக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல.

பக்கத்து ஃப்ளெக்ஸ் கடை முத்துராசு நேத்தே கேட்டான். ‘அண்ணாச்சி, ஃபைல அனுப்புங்க, நான் போட்டுத் தாரேன்’னு. நல்ல பயதான், நான் இல்லைங்கல. ஆனா இந்த ஊருல செத்தவங்க மூஞ்சி எல்லாம் நம்ம கடையில அடிச்சதுதான். மண்டகப்படி நோட்டீசு, கல்யாணப் பத்திரிக, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் இங்கதான். எம் பொண்டாட்டி படத்த மட்டும் அடுத்த கடையில போய்ப் போடுவேனா? எம் மவ திருப்பூருல இருந்து வந்திருக்கா, அவளும் ‘எதுக்குப்பா இந்த வீம்பு’ங்கா. வீம்பு இல்ல தம்பி. ஒரு முறைன்னு ஒண்ணு இருக்குல்லா.

என்னது அது, மூஞ்சியில? மாஸ்க்கா? இந்த மெஷினத் தொறக்கதுக்கா? கம்பெனி ரூலா இருக்கும். போடுங்க, போடுங்க. நான் இத்தன வருசமா வெறும் மூஞ்சியோடதான் தொறக்கேன், கிண்ணுன்னு இருக்கேன் பாருங்க.

இந்தப் பிரிண்டரு இருக்காரே, இவர எப்படி வச்சிருக்கேன்னு நீங்களே பாருங்க. பழைய மெஷினா வாங்குனதுதான், ஆனா பாத்தாச் சொல்ல முடியுமா? மூடி வைக்கத் துணி உறை இருக்கே, அது வடிவு தச்சது, அவ பட்டுச் சேலையக் கிழிச்சு. நூல் சேலைன்னா பிசிரு உதிரும்னு நான்தான் சொன்னேன். சன்னலுக்குப் பூரா டேப்பு ஒட்டியிருக்கேன், ஒரு பொட்டுக் காத்து வராது. ஏசி போட்டது கூட இவருக்குத்தான். வீட்டுல எங்களுக்கு ஃபேனுதான். வடிவு கேலி பண்ணுவா, ‘அடுத்த சென்மத்துல நான் பிரிண்டராப் பொறக்கணும்’னு. வாய் சாஸ்திதான் அவளுக்கு.

சர்வீசுக்கு ஆளு கூப்புட்டதே கெடையாது. கோவிச்சுக்கிடாதீங்க, உங்கள மாதிரி ஆளுங்க வந்தா ஒண்ணச் சரி பண்ணுதேன்னு ரெண்டக் கெடுத்துட்டுப் போயிருதாங்க. அதனால நானே பாத்துக்கிட்டேன். எப்படின்னா, ஞாயித்துக்கிழம கட அடைப்பு. கதவச் சாத்திக்கிட்டு மூடியத் தொறந்து டோனரு, நெறத்துக்கு ஒண்ணா இருக்க டிரம்மு உருளை எல்லாத்தையும் வெளிய எடுத்துருவேன். உள்ள சிந்திக் கெடக்க பவுடரு இருக்கே, கண் மையவிட நைசா இருக்கும், உங்களுக்குத் தெரியாததா. அதுக்கு ப்ளோயரு. இந்தா மேல தொங்குது பாருங்க. இதால ஒரு அடி அடிச்சம்னா மூல முடுக்குல இருக்கது பூரா எந்திரிச்சு வந்துரும்.

ஆனா ஒண்ணு, பவுடரு பறந்து போயித் திரும்பவும் மெஷினுக்குள்ளயே விழுந்துரக் கூடாதுல்லா. அதனால எதுத்தாப்புல ஒரு ஆளு ஈரத்துணிய விரிச்சுப் பிடிக்கணும். அது வடிவு வேல. ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில துணி. நான் இந்தப் பக்கம் இருந்து அடிப்பேன், அவ அந்தப் பக்கம் நின்னு பிடிப்பா. முந்தானைய வாயில கடிச்சுக்கிடுவா. முடிஞ்சு வெளிய வரும்போது மூஞ்சியப் பாக்கணுமே, மஞ்சளும் சிவப்பும் நீலமுமா, கோயில் கொடையில வேசம் கட்டுனவ மாதிரி. நான் சிரிச்சிருவேன். அவளும் சிரிப்பா. சிரிச்சா இருமல் வந்துரும், அப்படியே உக்காந்துருவா.

இருமல் அவளுக்கு எப்பமும் உள்ளதுதான். சுக்குத் தட்டிப் போட்டுக் குடிப்பா. ‘சன்னல ஒரு மட்டம் தொறந்து விடுங்களேன்’னு கேப்பா. ஏட்டி, தொறந்தா லாரித் தூசி பூரா இவரு மேல இறங்கும், அப்புறம் திரும்பவும் நீதான துணி பிடிக்கணும்னு சொல்லுவேன். அவளுக்காகச் சொல்லுததுதான்.

பவுடரத் தொடச்சு மாட்டுன பிறகு ஒரு படம் போட்டுப் பாக்கணும். எதப் போடுவேன்னு நெனைக்கீங்க? அவ படத்தத்தான். பூவு, மயிலுன்னு போட்டா நெறம் தப்புனாத் தெரியாது. மனுசத் தோலு நெறம் ஒரு பொடி மாறுனாலும் கண்ணு காட்டிக் குடுத்துரும். சிவப்புக் கூடுனா வடிவு கோவத்துல இருக்க மாதிரி வருவா. நீலங் கூடுனா சீக்காளி மாதிரி வருவா. பாத்துப் பாத்துச் சரி பண்ணிட்டுத் தாளக் கசக்கிக் கூடையில போட்டுருவேன். ‘என்னைய எத்தன தடவதான் குப்பையில போடுவீங்க’ம்பா. இப்ப நாளைக்கு வைக்கதும் அதே படந்தான். வேற படம் அவ எடுத்துக்கிடவே இல்ல. எடுங்கன்னு கேக்கவும் இல்ல, நானும் நெனைக்கல.

கழட்டுதீங்களா? மெதுவா. டார்ச்சு நான் பிடிக்கேன், குடுங்க. உங்களது உறிஞ்சுத மெஷினா? ப்ளோயரு வேண்டாமா? அப்பத் துணியும் பிடிக்க வேண்டாம்? ம். நல்லாத்தான் கண்டுபிடிக்கான்.

இந்தக் கோடு எப்படி வந்துச்சுன்னு நான் சொல்லுதேன் கேளுங்க, உங்களுக்கும் வேல சுருக்கா முடியும். போன ஆயுத பூச. ஆயுத பூசைன்னா நம்ம கடையில திருவிழாதான். எறும்பு ஏறுத எடம் கூடப் பாக்கி வைக்காமத் தொடைப்பேன். சந்தனம் குங்குமம் வைக்கதுக்குக் கூட மேல டேப்ப ஒட்டி, அந்த டேப்பு மேலதான் வைப்பேன், மறுநாள் உரிச்சு எடுத்துரலாம். அன்னைக்கு மெஷினப் பூராவும் பிரிச்சுட்டோம். உள்ள அந்தக் கறுப்புப் பெல்ட்டு இருக்கே, எல்லா நெறமும் அது மேல ஏறித்தான தாளுக்குப் போவும், அதுல பவுடரு பக்குக் கட்டிக் கெடந்துச்சு. துணியால தொடச்சாப் போகல. பழைய ஏடிஎம் கார்டு ஒண்ண வச்சு மெதுவா வழிச்சு எடுத்து, ஸ்பிரிட்டு விட்டுத் தொடச்சேன். கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. ‘முகம் பாத்துத் தல சீவலாம் போல’ன்னா வடிவு.

அப்பப் பாத்துச் சிவப்பு டிரம்முல பவுடரு கொட்டிப் போச்சு. இவகிட்டக் குடுத்து, ‘இதத் துணியால ஒத்தி எடுத்து வையிட்டி, நான் பொரியும் பூசணிக்காயும் வாங்கிட்டு வந்துருதேன்’னு பஜாருக்குப் போனேன். போயிட்டுத் திரும்பி வந்து பாக்கேன், மெஷினு வாயப் பொளந்து கெடக்கு, டிரம்மக் காணும். எங்கட்டின்னேன். மாடியிலங்கா. ஏறிப் போயிப் பாத்தா, மொட்ட மாடியில, சொளவுல, மோர் மொளகா காயப் போட்ட சொளவு தம்பி, அதுல ஓரமா நம்ம டிரம்மு வெயில்ல காயுது!

எனக்கு உச்சந்தல கொதிச்சுப் போச்சு. டிரம்முல வெளிச்சம் படலாமா? பொறந்த பிள்ளையக் கூட வெயில்ல காட்டலாம், டிரம்மக் காட்டக் கூடாது. அது மேலயே படம் போட்டு எழுதியிருக்கு. இவ என்ன சொல்லுதா? ‘காலையில தூத்தல் போட்டுச்சுல்லா, ஈரத்துணியால வேற தொடச்சேன். ஈரந்தான் இதுக்கு எமன்னு நீங்கதான சொல்லுவீங்க’ங்கா. ஈரம் எமன்னு சொன்னேந்தான். வெளிச்சமும் எமன்னு தனியாச் சொல்லணுமா? பிள்ளையார் பிடிக்கப் போயிக் குரங்காப் போச்சு. ஆயுத பூச அன்னைக்கே ஆயுதத்தக் கொன்னுட்டா.

ஏசல தம்பி. கை நீட்டுத பழக்கமும் நமக்குக் கெடையாது. பூசைய முடிச்சேன், பொரி குடுத்தேன். விசயதசமி கழிஞ்சு மொதத் தாளு அடிச்சேன். அவ படந்தான். வந்துச்சு பாருங்க கோடு, மூக்குத்திக்குப் பக்கத்துல. அந்தத் தாள அவ முன்னால வச்சேன். அதோட சரி. பேச்ச நிப்பாட்டிட்டேன்.

டிரம்ம மாத்திப் பாத்தீங்களான்னு கேக்கீங்க. மாத்துனேன். புது டிரம்மு போட்டேன். கோடு போகல. எப்படிப் போகும்? வெயில் பட்ட டிரம்மப் போட்டு ஓட்டுனதுல அது மத்ததையும் கெடுத்திருச்சு. ஒரு அழுகுன தக்காளி கூடையக் கெடுக்கும்லா, அது மாதிரி. இல்லங்கீங்களா? நீங்க படிச்சவங்க, எதாவது சொல்லுவீங்க. நான் கண்ணால பாத்தவன்.

பேச்ச நிப்பாட்டுனா கடைய எப்படி நடத்துததுன்னு நெனைப்பீங்க. அதெல்லாம் நடக்கும். கடைக்கு வாரவங்க இருக்காங்கல்லா. ‘லேமினேசன் ஆயிருச்சான்னு அந்தம்மாகிட்டக் கேளுங்க’ம்பேன். ‘ஆயிருச்சு, கட்டிங்தான் பாக்கின்னு அவருகிட்டச் சொல்லுங்க’ம்பா. வந்தவன் நடுவுல நின்னு முழிப்பான். கொஞ்ச நாள்ல ஊருக்கே பழகிப் போச்சு. அவங்களே, ‘அண்ணாச்சி, மதினி டீ வேணுமான்னு கேக்காவ’ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

ஆளு இல்லாத நேரம் மெஷினுகிட்டப் பேசுவா. ‘மெஷினே, சோறு எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லு.’ நானும் விடமாட்டேன். ‘மெஷினே, கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லு’ம்பேன். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வரும். ஆனா சிரிச்சா எறங்கிப் போன மாதிரி ஆயிருமேன்னு அடக்கிக்கிடுவேன். எத்தன நாளைக்கு இப்படி, தீவாளிக்குப் பேசிருவோம்னு நெனைச்சேன். தீவாளி போச்சு. கார்த்திகைக்குப் பாப்போம்னு நெனைச்சேன். ஒவ்வொரு தாளும் அந்தக் கோட்டோட வரும்போது திரும்பவும் கோவம் வந்துரும்.

அந்தக் கோட்ட வச்சுக்கிட்டும் யாவாரம் பாத்தேன் பாருங்க. கோடு நடுவுலதான விழுது? அதனால மூஞ்சியெல்லாம் ஓரமாத் தள்ளி வச்சேன். பொண்ணு மாப்பிள படமா, பொண்ணு இந்தப் பக்கம், மாப்பிள அந்தப் பக்கம், நடுவுல வெள்ள. கண்ணீர் அஞ்சலியா, செத்தவரு இடது ஓரம், எழுத்து வலது ஓரம். ஆளுக மொதல்ல ‘புது மாடலா இருக்கே’ன்னாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா முத்துராசு கடைக்கு நவுந்துட்டாங்க. சரி போகட்டும். எல்லாரு மூஞ்சியையும் ஒதுக்கி வச்சு ஒப்பேத்திட்டேன் தம்பி. மால போட்டு வைக்க படத்துல மூஞ்சிய எங்க ஒதுக்க? நடுவுலதான வந்தாகணும்.

தை மாசம் ஒருநாள், இந்தா நீங்க இப்ப குனிஞ்சிருக்க எடத்துலதான், மெஷினு மேல கைய ஊனிக்கிட்டு நின்னா. ‘மெஷினே, எனக்கு மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு’ன்னா. அன்னைக்கு ரெண்டு கல்யாணப் பத்திரிக கெடக்கு, கெடைக்கதே அவ்வளவுதான், அதையும் விட்டா முத்துராசு கொண்டு போயிருவான். ‘மெஷினே, தை முடியட்டும்னு சொல்லு’ன்னேன். அவ்வளவுதான் பேச்சு. அவளும் அதுக்கு மேல கேக்கல. ரொம்ப முடியலன்னா ரெண்டாவது தடவ கேப்பாள்லா? நீங்களே சொல்லுங்க. கேக்கணும்லா?

ஞாயித்துக்கிழம வேல மட்டும் நிக்கல. நான் ப்ளோயர எடுத்தா அவ துணிய எடுத்துக்கிட்டு வந்து நின்னுருவா. பேச்சு இல்லன்னாலும் வேல வேலதான. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது அவள.

மாசியில கூட்டிட்டுப் போனேன். டாக்டரு படம் எடுத்துப் பாத்தாரு. நெஞ்சு ரெண்டு பக்கமும் வெள்ள வெள்ளயாக் கெடக்குன்னாரு. ‘தூசியில எதுவும் வேல பாக்காங்களா? மில்லு, பீடி, சுண்ணாம்பு?’ன்னு கேட்டாரு. நான் சொன்னேன், ‘டாக்டரய்யா, தூசிக்கும் எங்க கடைக்கும் ஆகவே ஆகாது. ஏசி ரூம்பு. சன்னலுக்கு டேப்பு போட்டு வச்சிருக்கேன்’னு. அவரு என்னமோ எழுதிக்கிட்டாரு.

ஏன் தம்பி கைய நிப்பாட்டிட்டீங்க? பாருங்க, பாருங்க. நேரமாகுது.

அங்க அவளுக்கு மூஞ்சியில மாஸ்க்கு மாட்டி வச்சிருந்தாங்க, காத்து வாரது. அதப் போட்டுக்கிட்டு அவளால பேச முடியாது. நானும் பேசல. நர்ஸம்மாகிட்டச் சொன்னேன், ‘கஞ்சி கொண்டாந்திருக்கேன், குடிக்கச் சொல்லுங்க’ன்னு. அந்தம்மா என்னைய ஒரு மாதிரியாப் பாத்துச்சு. ‘நீங்களே சொல்லுங்களேன்’னு சொல்லிட்டுப் போயிருச்சு. நான் தூக்குவாளியப் பக்கத்துல வச்சேன். வடிவு கண்ணு அந்த வாளியப் பாத்துச்சு, அப்புறம் என்னையப் பாத்துச்சு. வீட்டுக்கு வந்ததும் பேசிக்கிடலாம்னு இருந்தேன். நெசமாத்தான் தம்பி. வீட்டுக்கு வந்ததும் மொதக் காரியமா, ஏட்டி, போனாப் போவுது டிரம்முன்னு சொல்லணும்னு வார்த்தையெல்லாம் கோத்து வச்சிருந்தேன்.

வீட்டுக்கு வந்தா. எப்படி வந்தான்னுதான் ஃபோன்லயே சொன்னேன்லா. அஞ்சலி போஸ்டரு முத்துராசு அடிச்சு ஒட்டிட்டான், எங்கிட்டக் கேக்காமலே. அதுல படம் இல்ல, பேரு மட்டும். அதனாலதான் நானும் பொறுத்துக்கிட்டேன்.

என்ன சொல்லுதீங்க? மாஸ்க்க எறக்கிட்டுச் சொல்லுங்க, காதுல விழல. பெல்ட்டா? டிரம்முல ஒண்ணுமே இல்லயா? எங்க, காட்டுங்க. டார்ச்ச இப்படிப் பிடிக்கேன். ஆமா, நேரா ஒரு கீறல் தெரியுது. தலையில இருந்து கால் வரைக்கும். அந்தக் கீறல்ல பவுடரு ஒட்டாதா? ஒட்டாமத்தான் தாளுல வெள்ளயா விழுதா?

யாரு சுரண்டுனா? சுரண்டல தம்பி. வழிச்சேன். சுரண்டுதது வேற, வழிக்கது வேற. கார்டு மழமழன்னுதான் இருந்துச்சு. கண்ணாடி மாதிரி ஆயிருச்சுன்னு சொன்னேன்லா, அப்பமே. அவளும் பாத்தாளே.

இருங்க. இருங்க, ஒரு நிமிசம். பீரோவுல அந்தப் பழைய டிரம்மு இருக்கு. தூரப் போடல. கறுப்புத் துணியில சுத்தி வச்சிருக்கேன். எதுக்கா? சாட்சிக்குத்தான். என்னைக்காவது அவ ‘நான் என்ன பண்ணுனேன்’னு கேட்டா எடுத்துக் காட்டணும்லா. இந்தாங்க. இதப் போட்டு ஒரு தாளு அடிங்க. அப்பத் தெரியும், வெயில் என்ன பண்ணியிருக்குன்னு. சும்மா போடுங்க தம்பி, எனக்காக. அவ படத்தையே போடுங்க.

வருது.

குடுங்க.

சிவப்பு சரியா இருக்கு, என்ன. மூஞ்சி கோவமா இல்ல, சீக்காவும் இல்ல. மூக்குத்தி கூட ஒழுங்கா வந்திருக்கு. கோடு அதே எடத்துலதான் இருக்கு. அந்த ஒரு கோடுதான். வேற ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் வெயில் பட்டதெல்லாம் இருட்டுல கெடந்தா தன்னால சரியாயிரும்ங்கீங்க. அப்ப இந்த டிரம்மு பீரோவுக்குள்ள என்னைக்கோ சரியாயிருச்சு. நாங்க ரெண்டு பேரும் மெஷினுகிட்டப் பேசிக்கிட்டு இருக்கும்போதே சரியாயிருக்கும், என்ன?

புதுப் பெல்ட்டு எப்ப வரும்? அடுத்த வாரமா. நாளைக்கு முடியாதா? சென்னையில இருந்துதான் வரணுமா? சரி. சரி, விடுங்க. இதையே வைப்போம். மாலைய நெத்தியில இருந்து தொங்க விட்டாக் கோடு மறைஞ்சிரும். மூஞ்சியும் கொஞ்சம் மறையும். பரவால்ல. முத்துராசுகிட்டப் போகலாம்தான். எம் மவ அதத்தான் சொல்லுவா. வேண்டாம். அந்தக் கோடு இருக்கட்டும்.

சன்னலா? தொறக்கணுமா? வேண்டாம் தம்பி, தூசி வந்து… ஏன், உங்களுக்கும் மூச்சு முட்டுதா? தொறந்துக்கிடுங்க. அந்த டேப்ப உரிச்சாத்தான் தொறக்கும். ரொம்ப நாளாச்சு, மெதுவா உரிங்க.

கெளம்புததுக்கு முன்னால ஒரு உதவி. இந்தாப் படம், மேசை மேல நிமித்தி வச்சிருக்கேன். இங்கன வந்து நில்லுங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, டிரம்மு நல்லாத்தான் இருக்காம்னு. நீங்களே சொல்லிருங்க தம்பி. நானும் அவளும் பேசுததில்ல.